கம்ப்யூட்டர்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்ட உச்சிப்புளி வாசகருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் உச்சிப்புளியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறதாம். சேர்க்கலாமா என்று தயக்கம். டாக்டர் என்ன செய்கிறார், வாத்தியார் என்ன செய்கிறார் என்று தெரிகிறது, இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தார். நல்லது கெட்டது பார்க்கிற வேலையா, இல்லை சொன்னதைச் செய்துவிட்டுச் சம்பளம் வாங்கும் வேலையா என்றும் கேட்டிருந்தார். இந்தத் தொழிலில் இருக்கும் யாராவது பதில் எழுதுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரையும் காணோம். சரி, நானே எழுதுகிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். அறிமுகம் செய்துகொள்கிறேன் என்று வந்துவிட்டுப் பெயரை மறைப்பது வேடிக்கைதான். ஆனால் பத்திரிகைக்கு எழுத எங்கள் நிறுவனத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது வருவதற்குள் அந்தப் பையனுக்குக் கல்லூரி திறந்துவிடும். சொந்த ஊர் தங்கச்சிமடம். அப்பா நாட்டுப்படகில் மீன்பிடித்தவர். அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். ராமநாதபுரத்தில் பி.எஸ்சி., காரைக்குடியில் எம்.சி.ஏ., அப்புறம் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. 2020 பொதுமுடக்கத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். அவ்வப்போது சென்னைக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன்.

நான் எழுதுவது கடன் கணக்கு. சிறிய நிதி நிறுவனங்கள் நகைக்கடன், குழுக்கடன் கொடுக்கின்றன இல்லையா? அதில் வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு, தவணை என்றைக்கு என்று கணக்குப் போடும் மென்பொருள். திரையில் தெரியும் படத்தையும் நிறத்தையும் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் நடக்கும் கூட்டல் கழித்தல் என் பொறுப்பு.

இந்த வேலையின் அரிச்சுவடியை நான் கல்லூரியில் படிக்கவில்லை. சிட்டையில், அதாவது மீன் வியாபாரியின் கணக்கு நோட்டில் படித்தேன். எங்கள் கரையில் படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். வாங்கிவிட்டால் மீனை அவரிடம்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். நண்டோ கணவாயோ பாறை மீனோ, எடை போட்டு, பாக்கிக்குப் பிடித்தது போக மிச்சம் கைக்கு வரும். எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அந்த நோட்டைப் படிக்க வராது. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி படிக்கட்டும், நோட்டக் குடுங்க" என்றார்.

வியாபாரி ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார். ஐஸ் பெட்டி மேல் வைத்துப் படித்தேன். ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது. ஒரு பக்கத்தின் அடியில் பழைய பாக்கி 1,850. அடுத்த பக்கத்தின் தலையில் அதே பாக்கி 2,850. விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், "அட" என்றார், அடித்துத் திருத்தினார். அவ்வளவுதான் நடந்தது. அவரை மோசக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கடலுக்குப் போக முடியாத நாட்களில் எங்கள் வீட்டுக்கு அரிசி இறக்கிய மனுஷன். ஆனால் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்வரை அந்த ஆயிரம் ரூபாய் எங்கள் கடனாகத்தான் இருந்தது.

இன்றைக்கு அந்த நோட்டு இருந்த இடத்தில் நான் எழுதும் நிரல், அதாவது கம்ப்யூட்டருக்கு நான் எழுதிக்கொடுக்கும் கட்டளைகள், உட்கார்ந்திருக்கிறது. யாருடைய கணக்கோ, அவர் கேட்டால் காட்ட வேண்டும். இந்தத் தொகை எப்படி வந்தது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். சொல்ல முடியாத கணக்கை நான் எழுத மாட்டேன். எனக்குக் கொள்கை என்று ஏதாவது இருந்தால் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

கேட்க எளிதாக இருக்கும், செய்வது அப்படி இல்லை. ஓர் உதாரணம். 50,000 ரூபாய் நகைக்கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம். ஒரு நாள் வட்டி 16 ரூபாய் 44 பைசா சொச்சம். மூன்று மாதம், அதாவது 90 நாள் கழித்து மீட்டால் வட்டி 1,479 ரூபாய் 45 பைசா. இதையே தினமும் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றி, நாளுக்கு 17 என்று வைத்துக்கொண்டால் 1,530 ஆகிவிடும். ஒருவரிடம் 50 ரூபாய் கூடுதல். கவுன்டரில் நிற்கும் எந்த அக்காவும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். ஆயிரம் பேர் என்றால் ஐம்பதாயிரம் ரூபாய், ஒரு வரி நிரலில். நான் வட்டியின் சொச்சத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறைதான் முழு எண்ணாக்குவேன். எந்த விதிப்படி அப்படி ஆக்கினேன் என்பது ரசீதிலேயே அச்சாகும்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்வது: பணத்தை ரூபாயில் புள்ளி வைத்துச் சேமிக்காதே, பைசாவாக முழு எண்ணில் சேமி. காரணம் இருக்கிறது. கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைத்துக்கொள்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது நம் பத்துப் பைசாவை, மிச்சமில்லாமல் எழுதவே முடியாது. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று விடை தரும். அந்தப் பையன் வேண்டுமானால் தானே போட்டுப் பார்க்கட்டும். கடுகளவு பிழைதானே என்று தோன்றும். 1991 வளைகுடாப் போரில் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடி கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரம் நிற்காமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு நொடியாகிவிட்டது. வந்த ஏவுகணையை அது தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அதே பத்தில் ஒரு பங்குதான்.

நல்லது கெட்டது என்று உச்சிப்புளி வாசகர் கேட்டாரே, அதற்கு என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி பிரிட்டனின் அஞ்சல் துறை. 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். பணப்பெட்டியில் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று அது காட்டியது. மென்பொருள் தவறாது என்று நிர்வாகம் நம்பியது, நீதிமன்றங்களும் நம்பின. அஞ்சலகம் நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, கணக்கு மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை விற்றுக் கட்டினவர்கள் உண்டு. 2019-இல்தான் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பு எழுதியது. 2024-இல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். எங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. நோட்டைக் கொடுங்கள் பார்க்கிறேன் என்று அவர்களால் கேட்க முடியவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் ஒரு வரி எழுத விடுவதில்லை. கொஞ்சம் அறுவை என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பெரிய அந்த இரண்டு மாதமும் நகை அடகுக்குப் போகும். தடை முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், மறுபடி அடகு. அவசரத்தில் வாங்கும் கடனில் யாரும் வட்டி விவரம் கேட்பதில்லை. "பன்னிரண்டு பர்சென்ட்தான்" என்றால் சரி என்று விடுகிறார்கள். அதே பன்னிரண்டில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 10,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு வாங்கி, முழுத் தொகைக்கும் 1,200 வட்டி போட்டு 11,200-ஐப் பன்னிரண்டு தவணையாகக் கட்டினால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டுச் சதவீதத்தை ஒரு தாளில் எழுதி, வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாளைத் தமிழில் அச்சடிக்கும் பகுதியை நான் கேட்டு வாங்கிச் செய்தேன். தயவுசெய்து எல்லாரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்கிற ஆள் இல்லையென்றால் நான் எழுதியது அச்சுப்பொறிக்குள்ளேயே கிடக்கும்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். பாறை கிழிக்கும், உப்பு அரிக்கும். துணி எவ்வளவு சுற்றினாலும் விரல் விரலாக இருக்காது. ஓர் அலுவலகத்தில் அம்மா கைரேகை வைத்தார், பொருந்தவில்லை என்றது இயந்திரம். கையைக் கழுவிவிட்டு வாங்க என்றார்கள். கழுவினார். எண்ணெய் தடவினார், தலையில் தேய்த்தார், மறு கை வைத்தார். கடைசியில், "நான் நான்தான்யா" என்றார், அந்த இயந்திரத்தை வைத்திருந்த பிள்ளையிடம். அதற்கு அந்தப் பிள்ளையால் என்ன செய்ய முடியும்? திரையில் வேறு பொத்தான் இல்லை. அந்தப் பொத்தானை வைக்காமல் விட்டவர் எங்கேயோ ஒரு ஏ.சி. அறையில் என்னைப் போல உட்கார்ந்திருந்தவர். அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். நான் சேர்ந்து செய்யும் எந்த வேலையிலும் ஒரே வாசல் இருக்கக் கூடாது. ரேகை இல்லையென்றால் செல்போன் எண். அதுவும் இல்லையென்றால் மேலதிகாரி ஆளைப் பார்த்துக் கையெழுத்திட்டு விடும் வழி, அது பதிவேட்டில் ஏறும். கூடுதல் வேலை, கூடுதல் செலவு என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா கதையைச் சொல்வேன்.

இதே காரணத்துக்காகத்தான் புதிதாக ஒன்று செய்தால் இருப்பதிலேயே விலை குறைந்த பழைய போனில் போட்டு, பாம்பன் தெற்குவாடிக் கரைக்கு எடுத்துப்போய் நட்டநடு வெயிலில் பார்ப்பேன். சென்னையில் அழகாகத் தெரிந்த சாம்பல் நிற எழுத்து அங்கே கண்ணுக்கே தெரியாது. வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது கொடுத்து, "அண்ணே, இதுல பாக்கி எவ்வளவுன்னு பாருங்க" என்பேன். தேடுகிறார் என்றால் மறுநாள் அந்தத் திரை மாறும். இதற்கு யாரும் எனக்குத் தனியாகச் சம்பளம் தருவதில்லை. டீ செலவும் என்னுடையதுதான்.

மாட்டேன் என்று சொன்ன கதையும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இது விளம்பரம் மாதிரி ஆகிவிடும். முன்பு வேலை பார்த்த இடத்தில் கடன் விண்ணப்பத்தில் காப்பீட்டுக் கட்டத்தை முன்கூட்டியே டிக் அடித்து வைக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்பவர் தேடிப் பிடித்து எடுக்க வேண்டும். எடுக்கும் கட்டமும் கீழே, சின்ன எழுத்தில். கேட்டுச் செய்வோம், டிக் அடிக்காமல் விடுவோம் என்றேன். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார் மேலாளர். நான் எழுத மாட்டேன் என்று மின்னஞ்சலில் காரணத்தோடு எழுதினேன். ஒன்றும் தலைகீழாகவில்லை. அடுத்த மேசைக்காரர் அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கம்மி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. பிறகு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியல் போட்டு, செய்யக் கூடாது என்றது. கேட்காமலே கணக்கில் ஒன்றைச் சேர்ப்பதும் அதில் இருக்கிறது. அதற்குள் நான் வேறு நிறுவனத்துக்கு வந்துவிட்டேன்.

ஆன்லைன் ரம்மி நடத்தும் ஒரு நிறுவனம் கிட்டத்தட்ட இரட்டிப்புச் சம்பளம் தருவதாகக் கூப்பிட்டதும் உண்டு. தடைக்காலத்தில் எங்கள் கரைப் பையன்கள் படகு நிழலில் உட்கார்ந்து போனில் எதை ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் மனைவி, "வேணாம்னு சொல்றது சரி, வீட்டுக் கடனுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. போயிருந்தால் அந்த வேலை நிலைத்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை.

தொடர்பு எண்கள் விஷயமும் இப்படித்தான். கடன் செயலிகள் போனில் இருக்கும் எண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் மாமன் மச்சானுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்திய கொடுமையை இந்தப் பத்திரிகையே எழுதியிருக்கிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்து விதி போட்டது. விதி வருவதற்கு முன்பும் என் கை பட்ட செயலி யார் போனிலும் எண்களைக் கேட்டதில்லை. கடன் கணக்குப் போட ஒருவரின் கொழுந்தியா நம்பர் எதற்கு?

ஏ.ஐ. வந்தால் இந்த வேலையே இருக்காதே என்றும் உச்சிப்புளி வாசகர் எழுதியிருந்தார். நானும் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். நிரலை மளமளவென்று எழுதித் தருகிறது, நன்றாகவே எழுதுகிறது. அது எழுதின வட்டிக் கணக்கையும் ஐஸ் பெட்டி மேல் நோட்டை வைத்துப் பார்த்த மாதிரிதான் வரி வரியாகப் பார்க்கிறேன். ஏனென்றால் நாளைக்குத் தப்பு என்று ஒருவர் வந்து நின்றால் அது வந்து பதில் சொல்லாது, நான்தான் சொல்ல வேண்டும். வெறுமனே நிரல் தட்டுகிற வேலை குறையும் என்றுதான் எனக்கும் படுகிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு இருக்கும்.

அந்த அப்பாவுக்கு நேரடியாக: மகனுக்குக் கணக்கு பிடித்திருந்தால் சேருங்கள். பிடிக்காமல், சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேறு பாருங்கள். இந்த வேலையில் முதல் சில வருடங்கள் சம்பளம் நீங்கள் கேள்விப்படும் அளவுக்கு இருக்காது. கல்லூரியில் கேட்க வேண்டியது கட்டடம் எத்தனை மாடி என்பதை அல்ல. மாணவர்கள் கணினி முன்னால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்கிறார்கள், புள்ளியியல் யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பெரிய லேப்டாப் இப்போதே வாங்க வேண்டாம். பழையதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான், நானே போட்டுத் தருகிறேன்.

என் செல்போன் எண்ணை ஆசிரியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில்தான் இருப்பேன். உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடத்துக்குப் பஸ் அடிக்கடி இருக்கிறது. பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொஞ்ச நேரம் அவனை என்னோடு தனியாக விட்டுவிட்டு நீங்கள் கடைத்தெரு வரை போய் வந்தால் நல்லது. உங்கள் முன்னால் கேட்காத கேள்வி அவனிடம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
தங்கச்சிமடம்.